வாழைத்தண்டு நாரும் அல்சைமர் மருந்தும்

வாழைத்தண்டு நறுக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வில்லையாக அரியும்போதும் கூடவே இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே வருவார்கள். கடைசியில் அது குப்பைக்குப் போகும். தப்பித்தவறி சிங்க்கில் விழுந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாலு நார் ஒன்றோடொன்று பின்னிக் குழாய் வளைவில் பந்தாக உட்கார்ந்து, பல மாதம் கழித்துத்தான் தண்ணீர் தேங்கும். அல்சைமர் நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் பட்ட பாட்டை இந்தச் சமையலறைக்குள் நின்றே சொல்லிவிடலாம்.

நரம்பு செல்லின் மேலுறையில் ஏபிபி என்றொரு நீளமான புரதம் செருகி நிற்கிறது. அதுதான் தண்டு. அதை அரிபவை இரண்டு நொதிகள்: முதல் வெட்டு பீட்டா செக்ரடேஸ், அடுத்த வெட்டு காமா செக்ரடேஸ். நடுவில் உதிரும் துண்டுதான் அமிலாய்டு பீட்டா. துண்டு 40 அமினோ அமில நீளத்தில் விழுந்தால் அவ்வளவாகத் தொல்லையில்லை. 42 என்றால் பிசுபிசுப்பு கூடுதல், சுலபமாக நாராகத் திரளும். நோயாளிக்கு மட்டும் நடப்பதல்ல இது. உங்கள் மூளையிலும் இப்போது அரிந்துகொண்டுதான் இருக்கிறது, கழிவும் போய்க்கொண்டிருக்கிறது. போகாமல் தேங்கினால் செல்களுக்கு வெளியே படிவுகளாகிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் செல்லுக்குள்ளே டௌ என்ற வேறொரு புரதம் முறுக்கிக்கொண்டு செல்லைச் சாகடிக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. 1906இல் ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர், இறந்துபோன நோயாளியின் மூளையில் நுண்ணோக்கி வழியே கண்டது இந்தப் படிவையும் முறுக்கையும்தான்.

முதலில் வந்த மாத்திரைகள் அடைப்புப் பக்கமே போகவில்லை. நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் நோயாளிக்குக் குறைந்துகொண்டே வரும். இருப்பதைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தால், உள்ளது கொஞ்ச நாள் தாங்கும். தீரப்போகும் கேஸ் சிலிண்டரைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுகிற வேலைதான். அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்ற டோனபெசில் இந்த வகை. டாக்டர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள். சமையல் கொஞ்சம் நீளும், குழாய் அடைத்தபடியேதான் இருக்கும்.

அடுத்த யோசனை யாருக்கும் தோன்றக்கூடியது: அரிவாள்மனையையே எடுத்து வைத்துவிட்டால்? காமா செக்ரடேஸைத் தடுக்கும் செமகாசெஸ்டாட்டை எலை லில்லி நிறுவனம் 2,600க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தது. 2010இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களின் நினைவு, எடுக்காதவர்களைவிட மோசமானது. தோல் புற்றுநோயும் கூடியது. காரணம் எளிது. அந்த வீட்டில் இருப்பது ஒரே அரிவாள்மனை. தண்டு மட்டுமல்ல, மற்ற காய்களும் அதில்தான் நறுக்கியாக வேண்டும். தோலும் குடலும் ஒழுங்காக வளரத் தேவையான நாட்ச் புரதத்தை வெட்டுவதும் இதே நொதிதான். பீட்டா செக்ரடேஸைத் தடுத்த மெர்க்கின் வெருபெசெஸ்டாட்டும் 2017, 2018 சோதனைகளில் கைவிட்டது. அமிலாய்டு நன்றாகவே குறைந்தது, ஆனால் மனிதர்கள் தேறவில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறை கற்ற பாடங்களிலேயே விலை அதிகமானது இதுதான்.

மிச்சமிருந்த வழி, அடைப்பைக் குத்தி எடுப்பது. அதற்குத்தான் அமிலாய்டைப் பிடித்து அகற்றும் ஆன்டிபாடி மருந்துகள். இதிலும் முதல் சறுக்கல் வேடிக்கையானது. பாப்பினியூசுமாப் 2012இல் தோற்றது. பிறகு பார்த்தால், சோதனையில் மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களில், அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஈ4 மரபணு இல்லாதோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் போதிய அமிலாய்டே இல்லை. அடைப்பே இல்லாத வீட்டுக்குப் பிளம்பரை அனுப்பியிருக்கிறார்கள்! மறதியை மட்டும் வைத்து ஆள் சேர்த்தால் இப்படித்தான். அதன்பின் பெட் ஸ்கேனில் படிவைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஆள் சேர்க்கிறார்கள்.

லெகனெமாப் என்ற ஆன்டிபாடி, படிவு உறுதியான 1,795 பேரிடம் 18 மாதம் சோதிக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு, கொசுவலைக் கதவு மாதிரி. ஏற்றும் ஆன்டிபாடியில் மிகச் சிறு பங்குதான் உள்ளே நுழையும். நுழைந்தது தன் வேலையைச் செய்தது, படிவு கரைந்தது. நோயாளிகள்? நோயின் தீவிரத்தை 18 புள்ளியில் அளக்கும் அட்டவணையில் போலி மருந்து பெற்றவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள், இவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. செய்திகளில் இதுவே '27 சதவீதம் வேகக் குறைப்பு' என்று வந்தது. இரண்டு எண்ணும் சரிதான். ஆனால் இழந்த நினைவு யாருக்கும் திரும்பவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது.

பழைய குழாயில் கம்பி விட்டுக் குடைந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அமிலாய்டு இரத்தக்குழாய்ச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. அதைப் பிய்க்கும்போது சுவர் கசிகிறது. லெகனெமாப் பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பலருக்கு அறிகுறியே இல்லை, சிலருக்கு ஆபத்தாக முடிந்தது. ஏபிஓஈ4 மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம். அதனால்தான் முன்கூட்டியே மரபணுச் சோதனை, நடுநடுவே எம்ஆர்ஐ.

குழாயைச் சுத்தம் செய்தும் பலன் ஏன் இவ்வளவு குறைவு? அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டு முன்பே நார் சேரத் தொடங்குகிறது. பிளம்பர் வரும்போது தண்ணீர் வழிந்து மர அலமாரி ஊறிப்போயிருக்கிறது. அலமாரியை அவர் சரிசெய்ய முடியாது. டௌவைக் குறிவைக்கும் மருந்துகள் சோதனையில் இருப்பது அதனால்தான்.

தண்ணீர் தேங்கும் முன்பே ஆளை அனுப்பிப் பார்த்தார்கள். படிவு உள்ள, ஆனால் மறதி இல்லாத 1,100க்கும் மேற்பட்டவர்களிடம் சொலனெசுமாப் என்ற ஆன்டிபாடியை நாலரை ஆண்டு பரிசோதித்த முயற்சி 2023இல் தோல்வியில் முடிந்தது. ஆனால் அந்த மருந்து தண்ணீரில் மிதக்கும் நாரைத்தான் பிடிக்கும், பந்தைத் தொடாது. பந்தைக் கரைக்கும் லெகனெமாப், அதே வகை மருந்தான டொனனெமாப் இரண்டையும் இப்போது அதே போன்ற, அறிகுறியற்றவர்களிடம் சோதிக்கிறார்கள். ஆள் தேடுவதும் சுலபமாகிவிட்டது: டௌவின் ஒரு வடிவத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை முதல் சல்லடை, அதில் தேறியவர்களுக்கு மட்டும், தேவையானால், செலவு பிடித்த ஸ்கேன். முடிவு தெரியத்தான் ஆண்டுகள் ஆகும். நல்ல நினைவோடு இருப்பவர் மறக்கத் தொடங்குகிறாரா இல்லையா என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.