குருவை மறவாத குரு

சுவாமிமலைத் திருக்கோயிலின் படிகள் அறுபது. தமிழ் ஆண்டுகள் அறுபதுமே அங்குப் படிகளாக அமைந்துள்ளன என்பது அடியார்களின் நம்பிக்கை. தந்தைக்கே பிரணவத்தின் பொருளை உரைத்தருளிய முருகப்பெருமான் அம்மலைமேல் சுவாமிநாதனாக எழுந்தருளியிருக்கிறான். அந்தத் திருநாமத்தைத் தாங்கி எண்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த ஓர் ஆசிரியரை, சென்ற மாதம் அப்படிகளில் ஏறும்போது நினைத்துக்கொண்டேன். அவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர்.

ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தமிழை மீட்டவர் என்று அவரை உலகம் போற்றுகிறது. அவர் எத்தகைய மாணாக்கர், எத்தகைய மகன், எத்தகைய ஆசிரியர் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இசையோடு கதை சொல்லிக் குடும்பத்தைக் காத்தவர். மகனும் இசையில் சிறக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். மகனின் உள்ளமோ தமிழில் தோய்ந்துவிட்டது. அதை உணர்ந்த தந்தை தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்தார். தமிழ் சொல்லித்தருவோர் இருந்த அரியலூர், குன்னம் முதலிய ஊர்களுக்கெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்து சென்றார். நிலையான வருவாய் இல்லாத ஒரு குடும்பம், ஒரு பிள்ளையின் படிப்புக்காக ஊர் ஊராக அலைந்தது.

அந்த அலைச்சல் 1871-இல் மாயூரத்தில் முடிந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தந்தை மகனை ஒப்படைத்தார். பிள்ளையவர்கள் எத்தனையோ திருத்தலங்களுக்குப் புராணம் பாடிய பெரும்புலவர். பொருள் சேர்க்கத் தெரியாதவர். சாதி, சமய வேறுபாடு பாராமல் மாணாக்கர்களை ஏற்று, இயன்றபோதெல்லாம் அன்னமும் இட்டுக் கற்பித்தார். வேங்கடராமன் என்பதே மாணாக்கருக்கு இடப்பெற்ற பெயர். வீட்டில் அழைத்தது ‘சாமா’ என்று. ஆசிரியர் விரும்பியபடி அன்று முதல் அவர் சாமிநாதன் ஆனார்.

மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது காலம் இசையும் பயின்றார். இசைப்பயிற்சி தமிழ்க் கல்விக்கு இடையூறாகும் என்று பிள்ளையவர்கள் கருதியதை அறிந்து, அதனை அன்றே விட்டுவிட்டார். பரம்பரைச் செல்வத்தை ஆசிரியரின் குறிப்பறிந்து துறப்பது எளிய செயலன்று.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார். அந்த இறுதி வேளையில் ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர். அருகிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை ஓதியவர் சாமிநாதையர்.

ஆசிரியர் மறைந்தபின் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை அரவணைத்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அப்பணி சாமிநாதையருக்குக் கிடைக்குமாறு செய்தார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். பெற்றோரைத் தம்மோடு வைத்துப் பேணும் நிலை வந்ததும் அப்போதுதான்.

பகலில் கல்லூரி, எஞ்சிய பொழுதெல்லாம் சுவடி என்று வாழ்க்கை நடந்தது. சீவகசிந்தாமணி சமண காப்பியம். சைவ மடத்தில் கற்றவராயினும், ஐயங்களைத் தெளிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று கேட்டார். கல்லூரியில் ஆசிரியர், அவர்கள் முன்னிலையில் மாணாக்கர். அந்நூல் 1887-இல் வெளிவந்தது. 1903 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றி 1919-இல் ஓய்வு பெற்றார். எழுபதை நெருங்கும் வயதில், 1924-இல் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகி மூன்றாண்டுகள் மீண்டும் கற்பித்தார்.

திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு அவர் சூட்டிய பெயர் ‘தியாகராச விலாசம்’. வேலை வாங்கித் தந்தவரின் பெயர் அது. பிள்ளையவர்கள் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1933-இலும் 1934-இலும் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். தம் சொந்த வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கியது அதன்பிறகு, 1940-இல்தான்.

இதனைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் உறுத்தும். நான் வங்கிக் கிளை ஒன்றில் மேலாளராக இருந்தபோது, ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியர்கள் உயிர்ச்சான்று தர வருவார்கள். ஓர் ஆண்டு அவ்வரிசையில், பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஐயா நின்றுகொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்பின் வழியே பார்த்தேன். தணிக்கைக் கோப்புகள் மேசையில் விரிந்து கிடந்தன. ‘இதை முடித்துவிட்டு எழுந்து போய் வணங்குவோம்’ என்று குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். மறு நவம்பரில் அவர் வரவில்லை.

அவர் என்னைக் கண்டாரா என்பது எனக்குத் தெரியாது. கண்டிருந்தால், ‘பிள்ளை வேலையாக இருக்கிறான்’ என்று மகிழ்ந்துதான் போயிருப்பார். ஆசிரியர்களின் இயல்பு அது. என் குறையை அந்த இயல்பு போக்கிவிடாது.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் சாமிநாதையர் மறைந்தார். எஞ்சியிருந்த பணியை மகன் கலியாணசுந்தர ஐயர் சுமந்தார். முற்றுப்பெறாத ‘என் சரித்திரம்’ 1950-இல் நூலாக வெளிவர அவரே காரணர். முதுமையில் உடனிருந்து உதவிய மாணாக்கர் கி.வா. ஜகந்நாதன், ஆசிரியர் காட்டிய வழியிலேயே வாழ்நாள் முழுதும் தமிழ்ப்பணி புரிந்தார். ஊர் ஊராக அலைந்த ஒரு தந்தையின் தியாகம் இப்படிக் கிளைத்துத் தழைத்தது.

அடுத்த முறை சுவாமிமலைக்குக் குடும்பத்தோடு செல்லும்போது, குருநாதன் சந்நிதியில் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். உங்களுக்குக் கற்பித்தவர் எவரேனும் இன்றும் இருப்பாராயின், ஊர் திரும்பும் வழியில் அவர் வீட்டில் இறங்கிப் பிரசாதத்தைக் கொடுத்து வணங்கிவிட்டு வாருங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று மட்டும் எண்ண வேண்டாம்.