கொழுக்கட்டையும் ஒரு பாட்டும்



ஆடி மாதத்தின் முதல்நாளை நாம் ஆடிப்பிறப்பாகக் கொண்டாடுகின்றோம். யூலை நடுப்பகுதியில் வரும் இந்நாளுக்குக் கூழும் கொழுக்கட்டையுமே விசேடம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இதைச் சிறுவர் பாடலாக்கித் தந்தார். விடுமுறை கிடைத்த பிள்ளையின் மகிழ்ச்சியோடு தொடங்கும் அப்பாடல், பயறு வறுப்பது, அரிசி இடிப்பது, தேங்காய் துருவுவது என்று அடுக்களை வேலைகளையும் சொல்லிச் செல்கின்றது. வேலை இன்னதென்று பாட்டில் அறியலாம். அதன் பக்குவத்தைச் செய்துதான் அறியவேண்டும்.

வன்னியில் இதற்கு வேண்டியவை அயலிலேயே உண்டு. வயலில் நெல், நெல் அறுத்தபின் மண்ணில் எஞ்சும் ஈரத்தில் விளையும் பயறு, வளவில் தேங்காய், பனையின் கருப்பணியைக் காய்ச்சி எடுத்த பனங்கட்டி.

ஒரு சுண்டு பயற்றை இளஞ்சூட்டில் வறுத்து, உடைத்து, கோது நீக்கி அவியுங்கள். பருப்பு மலரவேண்டும், குழையக்கூடாது. நீரை நன்றாக வடித்து, பாதித் தேங்காயின் பூ, முக்கால் சுண்டு பனங்கட்டித் தூள், சிறிது ஏலக்காய் சேர்த்துப் பிசறுங்கள். உள்ளீடு ஈரமாக இருந்தால் அவியும்போது கொழுக்கட்டை வெடித்துவிடும்.

வறுத்த அரிசிமா இரண்டு சுண்டு எடுத்து, உப்பிட்டு, கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக்காம்பால் கிளறுங்கள். தண்ணீர் கொதிக்காவிட்டால் மாவில் பசை பிடிக்காது; தட்டும்போதே விளிம்பு பிளந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் குழைத்து, வட்டமாகத் தட்டி, உள்ளீடு வைத்து மடித்து, ஓரத்தை இறுக அமுக்கிப் பதினைந்து நிமிடம் நீராவியில் அவியுங்கள்.

வங்காளத்தில், நமது தைப்பொங்கலை ஒட்டி வரும் பௌஷ சங்கராந்திக்குப் பாட்டிசாப்டா என்ற பண்டம் செய்வார்கள். அரிசிமாக் கரைசலைத் தோசைபோல மெல்லிதாக வார்த்து, தேங்காய்ப்பூவும் ஈச்சமரத்து வெல்லமும் வைத்துச் சுருட்டுவார்கள். அவர்களுக்கு ஈச்சை, நமக்குப் பனை. அவர்கள் சுடுகின்றார்கள், நாம் அவிக்கின்றோம். தன் நிலம் தரும் அரிசியையும் இனிப்பையும் கொண்டே ஒவ்வோர் இனமும் தன் திருநாளைச் செய்துகொள்கின்றது.

புலவர் பாடிய விடுமுறை இன்று பாடசாலைகளுக்கு இல்லை. பனங்கட்டிக்குப் பதிலாகச் சீனி போடுவோரும் பலர். பாட்டை மாத்திரம் மனனம் செய்த பிள்ளைக்கு அதன் சுவை எப்படித் தெரியும்? இம்முறை ஆடிப்பிறப்பன்று பிள்ளைகளையும் அடுக்களைக்கு அழையுங்கள். ஓரம் அமுக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். இரண்டொன்று வெடித்தாலும் குறைவில்லை. அவற்றைத் தின்னவும் அவர்களே இருக்கின்றார்கள்.