மலையேறாத கைத்தறி

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் நாகலூரில் துவைத்துப் போட்ட நூல் சேலை காய இரண்டு மூன்று நாளாகும். அப்போதும் மடிப்புக்குள் ஈரம் நிற்கும், மக்கல் வாடை அடிக்கும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினால் புகை வாசம் ஏறிக்கொள்ளும். அதே கொடியில் தொங்கும் பாலியஸ்டர் சேலையோ மறுநாள் காலை கட்டிக்கொள்ளத் தயாராகிவிடும். சேர்வராயன் மலையில், ஏற்காட்டையும் தாண்டி உள்ளே இருக்கும் ஊர் இது. மலிவு உடைகளை விட்டுவிட்டு மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு செய்யாத துணியை மக்கள் ஏன் வாங்குவதில்லை என்று கேட்டால், கருத்தரங்குகளில் "விழிப்புணர்வு இல்லை" என்று பதில் சொல்வார்கள். இங்கே ஒரு பெண்ணைக் கேட்டால் "காயாதுங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்தச் சொல்லில் இருக்கும் நியாயம் பல ஆய்வறிக்கைகளில் இல்லை.

கேள்வி என்னவோ பெரியதுதான். 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகின் உடை உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு உடையை நாம் உடுத்தும் தடவைகளோ குறைந்துகொண்டே வருகின்றன. அந்த அவசரத்துக்குக் கொடுத்த விலையை 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் உலகமே பார்த்தது. ரானா பிளாசா கட்டடம் இடிந்து, மலிவு உடை தைத்துக்கொண்டிருந்தவர்களில் 1,134 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் விற்பனை குறையவில்லை. 2019-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழ் ஒரு கணக்கெடுப்பை எடுத்துக்காட்டியது. சூழல் அக்கறையுள்ள நிறுவனங்களிடம்தான் வாங்க விரும்புகிறோம் என்றவர்கள் 65 சதவீதம். உண்மையில் அப்படி வாங்கியவர்கள் 26 சதவீதம்.

அந்த இடைவெளியை மனசாட்சிக் குறைவு என்று படிப்பவர்கள் உண்டு. கடைக்குள் நின்று இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்களுக்கு அது பொருந்தலாம். நாகலூரின் கணக்கு வேறு.

கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்ணைப் பாருங்கள். சேலைக்கு மேலே வீட்டு ஆணின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் பழம் போட ஒரு சாக்குப் பை. காலையில் தோட்டத்துக்குள் இறங்கும்போது செடியெல்லாம் பனி சொட்டும். சற்று நேரத்திலேயே இடுப்பு வரை நனைந்துவிடும். நனைந்த பருத்தி கனக்கும், காலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். அதோடு சரிவில் ஏறுவது லேசில்லை. கிளை மாட்டி இழுத்தால் நைந்த நூல் சேலை கிழிந்துவிடும். பழத்தின் பிசுபிசுப்பும் மண்ணும் சேர்ந்த கறை எளிதில் போகாது. இந்த வேலைக்கு இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய் பாலியஸ்டர் சேலையை அவர் எடுத்தால், அது நன்றாக யோசித்து எடுத்த முடிவு. அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

விலைக்கு வருவோம். நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் நிர்ணயித்த ஒரு நாள் ஊதியம் 336 ரூபாய். ஃபோனில் வாங்கும் ஒரு குர்தி அந்த ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். ஓரளவு நல்ல கைத்தறிப் பருத்திச் சேலை ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். அது மூன்று நாள் உழைப்பு. அந்தச் சேலை ஐந்து வருடம் உழைக்கும், கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம் என்று நாம் சொல்லலாம். கணக்கு சரிதான். ஆனால் ஐந்து வருட லாபத்தைப் பார்ப்பதற்கு இன்றைக்குக் கையில் ஆயிரம் ரூபாய் இருக்க வேண்டும். மழையில் வேலை இல்லாத வாரங்களும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும், மளிகைக் கடைப் பாக்கியும் போக மொத்தமாக ஆயிரம் ரூபாய் கையில் நிற்பது தீபாவளி போனஸ் சமயத்தில்தான். அப்போது வீட்டில் ஐந்து பேருக்கும் துணி எடுக்க வேண்டும். ஒருவருக்கு நல்ல துணி எடுத்துவிட்டு நான்கு பேரைப் பழசோடு நிறுத்த எந்தத் தாய்க்கும் மனம் வராது.

மூட்டையில் துணி கொண்டுவந்து தவணைக்கு விட்டுப் போகும் வியாபாரியின் செல்வாக்கு இங்கேதான். வாரம் ஐம்பது, நூறு என்று கட்டினால் போதும். அவர் மூட்டையில் கைத்தறியைத் தேடாதீர்கள். அப்புறம் ஃபோன் இருக்கிறது. பார்சல் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். நல்ல கைத்தறி வேண்டுமென்றால் ஏற்காடு போய், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் கடைவீதிக்குப் போக வேண்டும். பஸ் செலவு இருக்கட்டும், ஒரு நாள் கூலி போய்விடும். சேலைக்கு ஆயிரம் ரூபாய் என்று கடையில் விலைச்சீட்டு சொன்னாலும், நாகலூருக்கு வந்து சேரும்போது அதன் விலை ஆயிரத்து ஐந்நூறைத் தொடும்.

பிள்ளைகளின் காரணம் இன்னொன்று. சேலத்துக்குக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு டாப்ஸும் லெகின்ஸும் வேண்டும், பையனுக்கு ஜீன்ஸும் டி-ஷர்ட்டும். கைத்தறி பெரும்பாலும் சேலையாக, வேட்டியாக, சட்டைத் துணியாகத்தான் கிடைக்கிறது. துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தால் தையல் கூலியே ஒரு ரெடிமேட் விலைக்கு வந்துவிடும். அதைவிட முக்கியமாக, "மலைக்காரங்க" என்று கீழே ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வையை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். மற்ற மாணவர்கள் போடுவதையே தானும் போட்டால் அந்தப் பார்வை கொஞ்சம் விலகுகிறது. நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மரியாதையை வேண்டாம் என்று சொல்ல, அலமாரி நிறையத் துணி வைத்திருக்கும் நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இத்தனைக்கும் துணியை வீணாக்காத பழக்கத்தை இந்த மலைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு, அவனுக்கும் சின்னதானால் அத்தை பிள்ளைக்கு. பழைய நூல் சேலை தொட்டிலாகும், பிள்ளைக்கு விரிப்பாகும், கிழிந்தால் சட்டி இறக்கும் கரித்துணியாகும், கடைசியில் மண்ணோடு மண்ணாக மக்கும். பாலியஸ்டர் வந்த பிறகு அறுந்துபோனது இந்தச் சங்கிலி. பழைய பாலியஸ்டர் சேலை தண்ணீரை உறிஞ்சாது, அதனால் துடைக்க உதவாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகி ஒட்டும். குழந்தைக்குக் கீழே விரித்தால் வேர்க்கும், ஈரமும் நிற்கும். உடுத்தி முடித்தால் அதற்கு இரண்டாவது வேலை கிடையாது. கொல்லையில் போட்டுக் கொளுத்தினால் கரும்புகை. அடியில் கெட்டியாக ஒரு கட்டி மிஞ்சும். கொளுத்தாவிட்டால் மழையில் ஓடைக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். விறகடுப்பு எரியும் வீட்டில் செயற்கை இழைச் சேலை ஆபத்து. பருத்தியிலும் தீப்பற்றும், ஆனால் பாலியஸ்டரும் நைலானும் எரியும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயம் ஆழமாகும். இந்த விலையை எந்த விலைச்சீட்டிலும் போடுவதில்லை. தோட்டத்துக்குப் பாலியஸ்டர் என்றால் இருக்கட்டும். அடுப்படிக்கும் கைக்குழந்தைக்கும் பருத்தி வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

மலையடிவாரத்துக்கு இறங்கினால் கதையின் மறுபாதி. சேலம் ஒன்றும் துணிக்கு அந்நியமான ஊர் அல்ல. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடியிருக்கிறது. சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்கூடச் சம்பாதிப்பதில்லை. தான் நெய்யும் சேலையைத் தானே விலை கொடுத்து வாங்க முடியாத நிலை அது. நாகலூரில் பழம் பறிப்பவருக்கும் அம்மாப்பேட்டையில் நாடா எறிபவருக்கும் பிரச்சினை ஒன்றேதான்: கூலி போதவில்லை. ஒருவரால் வாங்க முடியவில்லை, இன்னொருவருக்கு விற்றும் கட்டவில்லை.

அப்படியானால் மலிவுத் துணி எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டுக் கம்பெனிகளை மட்டும் கைகாட்டினால் அது பொய்யாகிவிடும். சேலத்துக்குப் பக்கத்திலேயே இளம்பிள்ளையில் விசைத்தறிகள் பட்டுபோல மின்னும் சேலைகளை நெய்து தள்ளுகின்றன. சூரத்திலிருந்து பாலியஸ்டர் வருகிறது, திருப்பூரிலிருந்து பனியன் துணி வருகிறது. அவற்றை நம்பியும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உலை வைக்கின்றன. விசைத்தறியை வில்லனாக்கி எழுதுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கும்போதுதான் கோபம் வருகிறது. பதினொரு வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இலிருந்து இருக்கிறது. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. ஆனாலும் கடையில் நிற்கும் சாதாரண ஆளுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சேலையின் ஓரக்கரையைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் குச்சியின் ஊசி முனைகள் பட்ட சிறு துளைகள் இரண்டு ஓரங்களிலும் பெரும்பாலும் தெரியும். நெசவும் அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருக்காது. அங்கங்கே ஒரு இழை தடித்திருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில், "எல்லாம் ஒண்ணுதான், எதுக்குக் கூடக் காசு?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

கைத்தறி என்றதுமே சுத்தம் என்றும் நம்பிவிடக் கூடாது. கையால் நெய்தாலும் நூலுக்குச் சாயம் ஏற்றித்தானே ஆக வேண்டும்? சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் போனதும் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து நிறம் மாறிப்போகிறது. மேலே ஓடையில் குளிக்கும் தண்ணீர், கீழே கை வைக்க முடியாத தண்ணீர். நொய்யலில் இதே கொடுமை முற்றித்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆகவே "இயற்கை", "ஆர்கானிக்" என்று அட்டையில் அச்சிட்டு மூவாயிரத்துக்கு விற்கும் சட்டையிடம், நூல் எங்கே சாயமேறியது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேள்வி கேட்க வேண்டிய இடம் நாகலூரும் அல்ல. வருடத்துக்கு இரண்டு புடவை எடுக்கும் பெண்ணிடம் பூமியின் பாரத்தை இறக்கி வைப்பது அநியாயம். மே மாதக் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் காரில் ஏறி வருகிறோமே, படத்தில் முன்பு போட்ட உடை திரும்ப வரக்கூடாது என்று புதிதாக வாங்கிக்கொண்டு, அந்த நாம்தான் முதலில் கையை நிறுத்த வேண்டியவர்கள். காயாது என்ற காரணமோ, கையில் காசில்லை என்ற காரணமோ நமக்கு இல்லை. கஞ்சி போட்டு இஸ்திரி போட நேரமில்லை என்போம். உண்மைதான், அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. ஆண்கள் தங்கள் சட்டையைத் தாங்களே துவைத்துத் தேய்க்கத் தொடங்கினால் பருத்தியின் மேல் உள்ள பாதிக் குறை தீர்ந்துவிடும்.

மலைக்கு என்ன செய்யலாம்? வழி ஏற்கனவே பாதி போட்டிருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் 1935-இலிருந்து இருக்கும் நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. மாதாமாதம் பணம் கட்டும் சேமிப்புத் திட்டமும் வைத்திருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாமல் கடனுக்கும் துணி தருகிறது. மாதச் சம்பளம் உறுதியாக வரும் ஆளுக்குக் கிடைக்கும் இந்தக் கடன், அது மிக அதிகமாகத் தேவைப்படும் தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. அவர் கூடுதல் விலை வைத்து விற்கும் தவணை வியாபாரியிடம் போகிறார்.

துணி மலையேற முடியாது என்றும் சொல்ல முடியாது. 1983-இல் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் மலைக் கிராமத்து ரேஷன் கடை வரைக்கும் துணி வந்து சேர்கிறது. நெசவாளருக்கு வேலையும் ஏழைக்கு உடையும் என்ற நோக்கத்தில் போட்ட திட்டம் அது. லாரி வரும் வழியும், வைக்கும் இடமும், கார்டு பார்த்துக் கொடுக்கும் ஆளும் உண்டு. மலைவாழ் மக்களுக்கென்றே லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் மகளிர் குழுக்கள் வாரச் சந்தா பிடித்து, கடன் கொடுத்து வசூலிக்கின்றன.

ஆகவே கைத்தறித் துறைக்கு இந்தக் கட்டுரையின் கோரிக்கை இதுதான். வட்டியில்லாத் தவணையை மகளிர் குழுக்கள் வழியாகத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் நூறு நாள் வேலைக்காரர்களுக்கும் கொடுங்கள். காப்பி அறுவடைக் கூலி கையில் புழங்கும் மாதங்களில், ஏற்காட்டோடு நின்றுவிடாமல் நாகலூர், வேலூர், மாரமங்கலம் என்று உள் ஊராட்சிகளுக்கும் ஒரு விற்பனை வண்டியை அனுப்புங்கள். அதில் கனத்த சேலைகளை மட்டும் அடுக்காமல், மலை ஈரத்திலும் சீக்கிரம் காயும் மெல்லிய நெசவையும், தைத்த டாப்ஸையும், பிள்ளைத் துணியையும் வையுங்கள். வண்டியோடு ஒரு நெசவாளரையும் கூலி கொடுத்து அனுப்புங்கள். எது கைத்தறி என்று அவரே காட்டிக்கொடுப்பார். வரும் அறுவடையில் ஒரு தடவை செய்து பார்க்கலாம்.