பதினேழு வயதில் முடிகிற விஷயமா?

செஞ்சி வட்டத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது ஜினகாஞ்சி மடம். தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமை மடம் அதுதான். பீடமேறுபவர் யாராக இருந்தாலும் அவருக்கு லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயர்தான். பெற்றோர் வைத்த பெயர் அத்தோடு போய்விடும். மடத்தைச் சார்ந்த, நயினார் எனப்படும் சமணக் குடும்பங்களில் பலவும் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்தவை. அங்கே பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது வாக்கில் சமய உபதேசம் செய்துவைக்கும் வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத விரதத்தைப் பெரியவர்களில் பலர் இன்றும் விடாமல் காக்கிறார்கள்.

உபதேசமான இரண்டு வருஷத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிடும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, மொத்தம் 200-க்கு ஒரு கட்-ஆஃப். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, கலந்தாய்வு தேதிக்குள் வாழ்நாள் தொழிலை முடிவு செய்ய வேண்டும். அப்படிப் படித்து, சென்னையில் நைட் ஷிஃப்ட் வேலை கிடைத்த ஒரு சமணப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போதே பொழுது சாய்ந்திருக்கும். சாப்பாட்டு இடைவேளையோ நள்ளிரவில். விரதத்தை விடுவதா, வேலையை மாற்றுவதா? தொழில் எது என்ற கேள்வியும் நான் யார் என்ற கேள்வியும் அவன் சாப்பாட்டுத் தட்டில் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இவ்விரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று கண்டவர் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர். 1966-ல் வெளியான ஆய்வுக்காக அவர் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துத் தொழில், மதம், அரசியல் மூன்றைப் பற்றியும் விசாரித்தார். இதைவிட நல்லது ஒன்று வந்தால் நீ தேர்ந்த தொழிலை விட்டுவிடுவாயா என்பது அவர் கேட்டவற்றில் ஒன்று. பதில்களிலிருந்து நான்கு நிலைகளைப் பிரித்தார். தேடவும் இல்லை, முடிவெடுக்கவும் இல்லை என்பவர்கள் ஒரு வகை. தேடாமலே பெற்றோர் காட்டியதை ஏற்றவர்கள் இன்னொரு வகை. தேடிக்கொண்டே இருப்பவர்களும், தேடி முடிவுக்கு வந்தவர்களும் மற்ற இரண்டு. அப்பாவின் நிலத்தையே உழ முடிவு செய்த மகனை இரண்டாம் வகையில் தள்ளிவிடுவது எளிது, அது தவறு. வேறு வழிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவன் நான்காம் வகை. எதைத் தேர்ந்தான் என்பதைவிட எப்படி அங்கே வந்து சேர்ந்தான் என்பதைத்தான் மார்சியா அளந்தார்.

மார்சியாவின் ஆய்வுக்கு அடிப்படையான கருத்தைத் தந்த உளவியலாளர் எரிக் எரிக்சனே பள்ளிப் படிப்புக்குப்பின் பல்கலைக்கழகம் போகாமல், ஓவியனாகும் எண்ணத்தோடு சில ஆண்டுகள் ஐரோப்பாவில் சுற்றியவர். 1927-ல் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போனபோதுதான் அன்னா ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு அவருக்கு அறிமுகமாயிற்று. 2000-ல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர், 18 முதல் 25 வரையிலான வயதைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று எழுதினார். பதினெட்டில் வேலைக்குப் போயே ஆக வேண்டிய பிள்ளைக்கு அந்தப் பருவம் எங்கே கிடைக்கிறது என்று அவரை மறுத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

தேடித் தேடி முடிவுக்கு வருவதற்கு நம்மூரில் உ.வே. சாமிநாதையரைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. தந்தை சங்கீத வித்துவான். மகனும் பாட வேண்டும் என்பது அவர் ஆசை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசைப் பயிற்சியும் தொடங்கியது. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் மனமோ தமிழை விடவில்லை. 1871-ல் சைவ மடத்துப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். இசைப் பயிற்சி நின்றது. 1876-ல் ஆசிரியர் மறைந்தார். 1880-ல், இருபத்தைந்தாம் வயதில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை.

தேடல் முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அதே ஆண்டு அக்டோபரில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார். அந்தாதி, கலம்பகம், கோவை, புராணம் என்று பட்டியல் நீண்டது. முதலியார் அசரவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. அது சமணக் காப்பியம். அதில் வரும் சமயச் செய்திகள் சைவ மடத்தில் கற்றவருக்குப் பிடிபடவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்தார், கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887-ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். சைவ அடையாளத்தை அவர் துறக்கவில்லை. ஆனால் ஆசிரியர் வேலையோடு பதிப்புப் பணியும் அவர் தொழிலாகிவிட்டது.

இதைத் தனி மனிதரின் மேதைமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இருபதுகளின் பிற்பகுதியிலும் கணிசமானோர் முடிவுக்கு வந்திருப்பதில்லை என்பதை மார்சியாவும் சகாக்களும் 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆகவே முதலாண்டிலேயே 'எனக்கு இது வேண்டாம்' என்று வந்து நிற்கும் மகளிடம் கட்டிய பணத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். அவள் வேறு படிப்பில் சேர வேண்டுமானால் முதலில் தேவைப்படுவது அசல் சான்றிதழ்கள். அவற்றைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்கக் கூடப் போய் நில்லுங்கள்.