கசங்கும் உடல், துளைக்காத உடல்

'குண்டு துளைக்காத கார்' என்கிறோம். இதில் வரும் 'துளைக்காத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். துளைத்த, துளைக்கிற, துளைக்கும் என்பவை போல இது காலம் காட்டாது. நேற்றும் துளைக்கவில்லை, இன்றும் துளைக்காது, என்றைக்கும் துளைக்காது என்று முக்காலத்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்கிறது. காரைச் செய்து விற்கிறவன் அப்படிச் சொல்வதில்லை. கைத்துப்பாக்கியைத் தாங்குவது ஒரு தரம், இராணுவத் துப்பாக்கியைத் தாங்குவது அதற்கு மேற்பட்ட தரம் என்று வகை பிரித்துத்தான் விற்கிறான். இன்ன ஆயுதம் வரைக்கும் என்று எல்லை குறித்த வாக்குறுதி அது. மொழி தரும் நிரந்தரத்துக்கும் எஃகு தரும் தவணைக்கும் இடையில்தான் இந்தக் காரின் அரசியல் இருக்கிறது.

மெர்ஸிடஸ் பென்ஸ் நிறுவனம் 1928இல் நூர்பர்க் 460 மாடலில் கவச வேலையைத் தொடங்கியது. 1930களில் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு 770 மாடலில் கவசக் கார்கள் போயின. நாம் எடுத்துக்கொள்வது அந்தப் பரம்பரையில் பிற்காலத்தில் வந்த ஒன்றை: 1979இல் அறிமுகமான, டபிள்யூ 126 என்ற குறியீடு கொண்ட எஸ் வகுப்பு. எட்டு லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தச் சீடானில் மிகச் சிறிய பங்கு தொழிற்சாலையிலேயே கவசம் பூண்டு வெளிவந்தது.

தொழிற்சாலையிலேயே என்பது முக்கியம். வாங்கிய காரைப் பட்டறையில் விட்டுத் தகடு அடிப்பது ஒரு வழி. இருக்கிற கதவுக்குள் இரும்பைச் சொருகுவார்கள். சேர்மானங்களில் இடுக்கு விழும், கீல் தொங்கும், பிரேக் திணறும். தொழிற்சாலைக் கவசம் அப்படியில்லை. கார் வெறும் கூடாக இருக்கும்போதே தகடுகள் உள்ளே பொருத்தப்படுகின்றன. தகடும் தகடும் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கண்ணாடி பல அடுக்குகளாலானது. சில்லு தெறிக்காமலிருக்க உட்புற அடுக்கு பிளாஸ்டிக். எடை பல நூறு கிலோ கூடுவதால் கீல், ஸ்பிரிங், பிரேக் எல்லாமே மாறும். காற்றுப் போனாலும் டயர் கொஞ்ச தூரம் ஓடும்.

இத்தனைக்கும் பிறகு பக்கத்தில் நிற்கிற சாதாரண எஸ் வகுப்புக்கும் இதற்கும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. தெரியக்கூடாது என்பதில்தான் வேலைப்பாடே இருக்கிறது. பழைய கோட்டை மதில் தன்னைக் காட்டி எதிரியை மிரட்டியது. இந்தக் கார் தன்னை மறைத்துக்கொள்கிறது. தேர்தல் நடக்கிற நாட்டில் ஆளுகிறவர் ஜனங்களைப் பார்த்துப் பயப்படலாம். பயப்படுகிறார் என்பது தெரியக்கூடாது. ஆக்கிரமிப்பாளனுக்கு இந்த மறைப்பு தேவைப்படவில்லை. நாஜி அதிகாரி ஹெய்ட்ரிஷ் 1942 மே 27 அன்று பிராக் நகரத்தில் திறந்த மெர்ஸிடஸில்தான் போனான். அஞ்சவில்லை என்று காட்டுவதே அவனுடைய ஆட்சிமுறை. எறியப்பட்ட குண்டின் சிதறலோடு காரின் துணுக்குகளும் உடம்பில் ஏறி, எட்டாம் நாள் செத்தான்.

சரி, பாதுகாப்பு என்றால் என்ன? இதே நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரென்யி 1951இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆள் உட்காரும் நடுக்கூடு கெட்டியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் கசங்கட்டும் என்பது அவர் யோசனை. மோதலின் வேகத்தை இரும்பு தன்மேல் வாங்கிக் கசங்கினால் மனுஷ உடம்பு தப்பும். 1959இல் வந்த மாடல்களில் இது நடைமுறைக்கு வந்தது. கெட்டியாக இருப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையைக் கவிழ்த்த யோசனை இது. டபிள்யூ 126 இதற்கும் வாரிசுதான். ஆக ஒரே வண்டிக்குள் இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றன: கசங்கிக் காப்பது ஒன்று, விட்டுக்கொடுக்காமல் காப்பது இன்னொன்று.

இரண்டும் கற்பனை செய்யும் 'மற்றவர்' வேறு வேறு. கசங்கும் காருக்கு மற்றவர் என்பவர் எதிரே வருகிற இன்னொரு கார்க்காரர். கைதவறி மோதக்கூடியவர், அவரும் சாகக்கூடாதவர். அதனால் இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் பரவ முடிந்தது. இன்று சின்னக் காரிலும் கசங்கும் பகுதி உண்டு. கவசக் காருக்கு மற்றவர் என்பவர் தெருவில் நிற்கிற யாரும்தான். சைக்கிள் நிறுத்துகிறவர், குழந்தை வண்டி தள்ளுகிறவர், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கிற மோட்டார் சைக்கிள்காரர். இது எல்லோருக்குமான பாதுகாப்பாக ஆகவே முடியாது. எல்லோருக்கும் கவசம் என்றால் எல்லோரும் எல்லோருக்கும் எதிரி என்றாகிவிடும்.

இந்தப் பட்டியல் கற்பனையல்ல. மேற்கு ஜெர்மனியில் 1977 ஏப்ரலில் அரசின் தலைமை வழக்கறிஞர் பூபாக் கார்ல்ஸ்ரூ நகரச் சிக்னலில் நின்றபோது, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பரில் கொலோன் நகரத்தில் ஷ்லையரின் காரை ஒரு குழந்தை வண்டியைக் குறுக்கே விட்டு நிறுத்திக் கடத்தினார்கள். செய்தது செம்படைப் பிரிவு என்ற தீவிர இடதுசாரிக் குழு. 1981இல் ஹைடல்பெர்க்கில் அமெரிக்கத் தளபதி குரோசனின் கவச மெர்ஸிடஸ் மீது ராக்கெட் குண்டு ஏவினார்கள். சிறு காயத்தோடு தப்பினார். கவசம் ஜெயித்தது.

1989 நவம்பர் 30 அன்று தோற்றது. டாய்ச்ச வங்கியின் தலைவர் ஹெர்ஹவ்சன் பாட் ஹோம்பர்க் ஊரில் மூன்று கார் அணியின் நடுவில் கவச மெர்ஸிடஸில் போனார். சாலையோரச் சைக்கிளில் குண்டு, குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர். கார் கதிரை வெட்டியதும் குண்டு வெடித்து, ஒரு செம்புத் தகட்டை எறிபொருளாக்கிப் பின்கதவில் பாய்ச்சியது. காலில் பட்ட காயத்தில் இரத்தம் போயே இறந்தார். ஓட்டுநர் பிழைத்தார். கவசம் எதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தாங்காதது எது என்றும் தெரிந்திருந்தது. செம்படைப் பிரிவு பொறுப்பேற்றது. ஆனால் இந்தக் கொலைக்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. வறிய நாடுகளின் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம் என்று 1987இலிருந்து சொல்லிவந்த வங்கியாளர் அவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஷ்லையர் முன்னாள் எஸ்.எஸ். ஆள், டைம்லர் பென்ஸ் நிர்வாகக் குழுவில் இருந்தவர், முதலாளிகள் சங்கத் தலைவர். மெர்ஸிடஸை அதிகாரத்தின் குறியாக வாசித்ததில் தப்பில்லை. ஆனா அந்தக் குறிக்குள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கூலிக்காரர் உட்கார்ந்திருந்தார். கொலோனில் கடத்தப்பட்டவர் ஒருவர். அந்த இடத்திலேயே செத்தவர்கள் ஓட்டுநரும் போலீஸ்காரர்கள் மூவரும். பூபாக்கின் ஓட்டுநரும் செத்தார். தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் சுட்டவர்கள் முன் இருக்கையை எண்ணவில்லை. முதலாளியின் கணக்கில் பின் இருக்கைதான் கார். எதிர்த்தவர்களின் கணக்கிலும் அதேதான். எதிரியின் காரை நாம் வாசிக்கும்போது எதிரியின் கணக்கையும் சேர்த்துக் கடன் வாங்கிக்கொள்கிறோமா என்பதை இயக்கங்களில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பாரென்யியின் கசங்கும் இரும்பு முன் இருக்கை, பின் இருக்கை, எதிரே வருகிறவர் என்று மூன்றையும் எண்ணிப் பார்த்தது. பாதுகாப்பு பற்றிய நம்முடைய பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.