வாசலில் நிற்கிறவனைக் கவனியுங்கள்!

செட்டிநாட்டு வீடு கட்டினவர்கள் விவரமானவர்கள். தெருவில் போகிறவன் கண்ணில் முதலில் படுவது முகப்பு. அங்கே திண்ணை. வழிப்போக்கன் உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம், கணக்கு வழக்குப் பேசலாம். அதைத் தாண்டினால் வளவு. கல்யாணம், காட்சி எல்லாம் அங்கே. அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி. ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து யாரும் முகப்பில் வைப்பதில்லை. எங்கள் அரிமளத்தில் மிச்சமிருக்கிற பழைய வீடுகளைப் பார்த்தாலே இது விளங்கும். வந்தவனுக்கு எது, வீட்டுக்காரனுக்கு எது என்று அன்றைக்கே பிரித்து வைத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பாஷைகளுக்கும் முகப்பு உண்டு. பைத்தான், ரஸ்ட், ஹாஸ்கெல் என்று விதவிதமான பெயர்களில் நூற்றுக்கணக்கான பாஷைகள் உலவுகின்றன. பெரிய பாஷை ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு வீடு. அதன் முதல் பக்கம்தான் 'ஹோம் பேஜ்'. தமிழில் 'முகப்புப் பக்கம்'. இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருக்கவேண்டும்!

"ஏன் சார், நீங்க பி.காம். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு ஓர் அக்கா மகன் இருக்கிறான்.

ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது புதுக்கோட்டையில் காலேஜ், கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வருஷம் படிக்கும்போது ஒருநாள் செல்போனில் ஏதோ ஒரு பாஷையின் முகப்பைத் திறந்தான். கண் இரண்டு தடவை மேலும் கீழும் போயிற்று. அரை நிமிஷம்கூட இருக்காது. மூடிவிட்டான்.

"என்னடா?"

"இது எனக்கு இல்ல மாமா."

'புரியலை' என்று சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். புரியாதவன் நாளைக்குப் புரிந்துகொள்வான். 'எனக்கு இல்லை' என்கிறவன் திண்ணையிலிருந்தே திரும்பிப் போகிறவன். யார் அவனைத் திருப்பி அனுப்பியது? இதைத் தேடப் போனதில் சேர்ந்த சங்கதிகள்தான் கீழே.

* * *

முதலில் சொத்து யாருடையது என்று பார்த்துவிடுவோம். இந்த பாஷைகளெல்லாம் 'ஓபன் சோர்ஸ்'. அதாவது அதன் மூலம் திறந்து கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம். லைசென்ஸில் எழுதியிருக்கிற நிபந்தனையை மதித்தால் போதும், பைசா வேண்டாம். ஊர்ப் பொதுக் கோயில் மாதிரி. உழைக்கிறவர்களில் பலர் சொந்த ஆர்வத்தில் வருகிறவர்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கவேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டுப் பாருங்கள். ஆகமம் பற்றிய சந்தேகம் என்றால் நாலு பேர்தான் பேசுவார்கள். வர்ணம் என்றால் ஊரே பேசும். பாஷையின் வயிற்றுக்குள் செய்கிற நுணுக்கமான மாற்றத்துக்கு அபிப்பிராயம் சொல்ல சில பேரால்தான் முடியும். முகப்பை மாற்றினால் கண் இருக்கிற அத்தனை பேருக்கும் அபிப்பிராயம் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. அபிப்பிராயம் சொல்கிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறவர்கள். முகப்பு யாருக்காகவோ, அவன் கூட்டத்தில் இல்லை. வாசலில் நிற்கிறான். அல்லது என் அக்கா மகன் மாதிரி நடையைக் கட்டிவிட்டான்.

* * *

பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 கிறிஸ்துமஸ் லீவில், சும்மா இருக்க முடியாமல் கைடோ வான் ராஸம் என்ற ஹாலந்துக்காரர் ஆரம்பித்த பாஷை. 1991-ல் வெளியே வந்தது. பெயருக்கும் மலைப்பாம்புக்கும் சம்பந்தமில்லை. 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் காமெடி கோஷ்டியின் மேல் அவருக்கிருந்த மோகம். ஆனால் 2006-ல் முகப்பைப் புதுப்பித்தபோது சின்னமாக வந்து உட்கார்ந்தவை இரண்டு பாம்புகள். அந்தக் காமெடி கோஷ்டியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாம்பென்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

2014-ல் மறுபடி வர்ணம். இந்தத் தடவை ஒரு நல்ல காரியம் செய்தார்கள். முகப்பிலேயே குட்டிக் குட்டி புரோகிராம்கள்; பக்கத்தில் மஞ்சளாக ஒரு பொத்தான். அமுக்கினால் அங்கேயே எழுதிப் பார்க்க ஒரு கட்டம் திறக்கும். எதையும் இறக்கவேண்டாம், நிறுவவேண்டாம். இரண்டையும் இரண்டையும் கூட்டச் சொன்னால் 4 என்று பதில் வரும். திருநெல்வேலி அல்வாக் கடையில் விலை கேட்பதற்கு முன்னாலேயே ஒரு துண்டைக் கையில் வைப்பார்களே, அந்த டெக்னிக். நாக்கில் பட்டவன் அரைக் கிலோவாவது வாங்காமல் போவானா?

ஒரு சின்னக் குறை. உதாரணங்களில் முதலாவதாக வைத்தது ஃபிபனாச்சி வரிசை. 0, 1, 1, 2, 3, 5, 8... முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. கணக்கு வாத்தியார் புல்லரித்துப் போவார். என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்கு, 'ஒரு லட்ச ரூபாய், மாசம் ஒன்றரை வட்டி, மூணு வருஷத்தில் எவ்வளவு ஆகும்?' என்று போட்டிருந்தால் அல்லவா நாக்கு ஊறியிருக்கும்!

ஹாஸ்கெல் கதை இன்னும் ருசி. கணித வாசனை தூக்கலான பாஷை. 2015-ல் முகப்பைப் புதுப்பித்து, அழகு காட்ட ஒரு சின்ன புரோகிராம் வைத்தார்கள்: பகா எண்களைச் சலித்தெடுக்கிற புரோகிராம். அதில் 'சல்லடை' என்று பெயர் வேறு. உள்ளே இருந்த பண்டிதர்கள் விடுவார்களா? கிரேக்க அறிஞர் எரட்டாஸ்தனிஸ் கண்டுபிடித்த அசல் சல்லடை, ஒவ்வொரு எண்ணின் மடங்குகளை வரிசையாக அடித்துக்கொண்டே போகும். இதுவோ ஒவ்வொரு எண்ணையும் வகுத்து வகுத்துப் பார்க்கிறது. 'இது சல்லடையே இல்லை' என்று ஆட்சேபம். கடைசியில் பெயரை மாற்றினார்கள். பண்டிதர்கள் சொன்னது சரிதான். ஆனால் வாசலில் நிற்கிற பையனுக்கு அது சல்லடையா, முறமா என்பதா பிரச்னை? அந்த வரிகளில் எது எங்கே ஆரம்பிக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாதே!

ரஸ்ட்டில் நடந்தது தலைகீழ். 2015-ல் முதல் முழுப் பதிப்பு வந்த பாஷை. அதன் பழைய முகப்பின் முதல் வரி ஏறக்குறைய இப்படி: மின்னல் வேகத்தில் ஓடும், மெமரி குளறுபடியால் நடுவழியில் பொத்தென்று விழாது, பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றோடொன்று முட்டாது. கூடவே ஒரு சாம்பிள் புரோகிராம். 2018 டிசம்பரில் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, 'நம்பகமான, திறமையான மென்பொருளை யார் வேண்டுமானாலும் செய்ய முடியும்' என்ற பொருளில் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். கண்ணைப் பறிக்கிற கலர். சாம்பிளைக் காணோம். பழையவர்கள் கொதித்துப் போனார்கள். 'ஜவுளிக்கடை போர்டில் புடவையைக் காணோமே!' என்பது அவர்கள் கட்சி.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய வரி, ஏற்கெனவே அடிபட்டவனுக்குத்தான் புரியும். ஒருதடவைகூட விழாதவனிடம் 'விழமாட்டாய்' என்றால் அவனுக்கென்ன? புது வரி எல்லோரையும் கூப்பிடுகிறது. ஆனால் அதே வரியை சிமென்ட் கம்பெனி விளம்பரத்திலும் போடலாம். எனக்கு உறுத்தியது இன்னொன்று. பழைய முகப்பு பல நாட்டு மொழிகளில் இருந்தது. புதுசு வந்தபோது முதலில் இங்கிலீஷ் மட்டும். மற்ற மொழிகள் பின்னால்தான் சேர்ந்தன. 'எல்லோரும் வாருங்கள்' என்ற அழைப்பிதழை ஒரே மொழியில் அச்சடித்த மாதிரி!

* * *

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழிலேயே எழுதுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் பாஷை இருக்கிறது. பெயர் எழில். முத்து அண்ணாமலை என்ற தமிழர் உருவாக்கியது. அதைப் பற்றி 2009-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். பிற்பாடு ஓபன் சோர்ஸாக எல்லோருக்கும் திறந்துவிட்டார். எழிலைக் கற்றுக்கொடுக்க எழுத்தாளர் என். சொக்கனுடன் சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினார். எழிலில் முதல் புரோகிராம் இவ்வளவுதான்:

பதிப்பி "வணக்கம்!"

ஓட்டினால் 'வணக்கம்!' என்று வரும். இதென்ன பிரமாதம், இங்கிலீஷ் வார்த்தைக்கு பதில் தமிழ் வார்த்தை என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் இருக்கிறது:

மார்க் = 42
@( மார்க் >= 35 ) ஆனால்
பதிப்பி "பாஸ்"
இல்லை
பதிப்பி "ஃபெயில்"
முடி

கவனித்தீர்களா? இங்கிலீஷில் 'இஃப்' முன்னால் வரும், நிபந்தனை பின்னால். நாம் பேசுவது அப்படியா? 'மழை வந்தால்', 'காசு இருந்தால்' என்று நிபந்தனையைச் சொல்லிவிட்டு 'ஆல்' போடுகிறோம். எழிலிலும் முதலில் நிபந்தனை, அப்புறம்தான் 'ஆனால்'. வீட்டில் பேசுகிற வரிசையிலேயே புரோகிராம் ஓடுகிறது. இணையத்திலேயே எழுதி ஓட்டிப் பார்க்க ஓர் இடமும் வைத்திருந்தார்கள். அதன் முகவரியில் இருந்த வார்த்தை என்ன தெரியுமா? 'கூடம்'! முகப்பைத் தாண்டினால் கூடம். வீடு கட்டத் தெரிந்தவர்தான்.

மேலே இருக்கிற மார்க் புரோகிராமை அக்கா மகனிடம் காட்டினேன். எதையும் விளக்கவில்லை. படித்தான். 42-ஐ அழித்துவிட்டு 34 போட்டான். 'ஃபெயில்' வந்தது. சிரித்தான். 35 போட்டான். 'பாஸ்'. அப்புறம் அவனாகவே ஒரு வரி சேர்த்தான்: 90-க்கு மேல் ஆனால், 'சார், இது காப்பி!' இருபது நிமிஷம் எழுந்திருக்கவில்லை. இவன்தான் அரை நிமிஷத்தில் மூடினவன்.

பிறகு கேட்டானே ஒரு கேள்வி!

"மாமா, இதுல வேலை கிடைக்குமா?"

கிடைக்காது என்றேன். பொய் சொல்லி என்ன லாபம்? கேம்பஸ் இண்டர்வியூவில் 'எழில் தெரியுமா' என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் எழில் எதன் மேல் கட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? பைத்தான் மேல். திண்ணை தமிழ், உள்ளே போனால் அதே பைத்தான், வேலை கொடுக்கிற பைத்தான். 'ஆனால்' புரிந்தவனுக்கு 'இஃப்' என்பது வெறும் ஸ்பெல்லிங். திண்ணையில் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை. ஆனால் திண்ணையைத் தாண்டாமல் யாரும் வளவுக்குப் போனதுமில்லை.

* * *

இத்தனையும் பார்த்த பிறகு என் சிற்றறிவுக்கு எட்டியது மூன்று.

ஒன்று, முகப்பின் முதல் வரி வந்தவன் பாஷையில் இருக்கவேண்டும். தமிழில் எழுதினால் மட்டும் தீர்ந்துவிடாது. 'பல்வடிவப் பொருள்நோக்கு நிரலாக்கம்' என்று எழுதினால் அதுவும் எரட்டாஸ்தனிஸ்தான்! 'இதை வைத்து நீ இன்னது செய்யலாம்' என்று சொல்லவேண்டும்.

இரண்டு, அல்வாத் துண்டு. ஒரு நிமிஷத்துக்குள் அவன் கையால் எதையாவது ஓடவைக்கவேண்டும். மார்க்கோ, வட்டியோ, பஸ் டிக்கெட்டோ... அவனுக்குத் தெரிந்த சமாசாரமாக.

மூன்று, அடுத்த கதவு எது என்று காட்டவேண்டும். 'இது முடிந்ததா? இங்கே போ' என்று ஒரே ஒரு கதவு. பதினேழு கதவைக் காட்டினால் வந்த வழியே திரும்பிவிடுவான்.

இதற்கும் நமக்கும் என்ன என்கிறீர்களா? ஆபீஸில் டேலி தட்டுகிற உங்களுக்கும் ஒரு தம்பி இருப்பான், அக்கா மகன் இருப்பான். அதைவிட முக்கியம், இவையெல்லாம் பொதுக் கோயில் என்று சொன்னேனே... பைத்தான், ரஸ்ட் முகப்புகளின் எழுத்துகூட திறந்துதான் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு. புரோகிராம் எழுதத் தெரியவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒன்றும் தெரியாதவனாக அந்தப் பக்கத்தைப் படித்து, எந்த இடத்தில் இடறினோம் என்று நாலு வரி எழுதி அனுப்பினாலே பெரிய உபகாரம். உள்ளே இருக்கிற எந்தப் பண்டிதராலும் அதைச் செய்ய முடியாது. அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பாவம்!

கோபுரத்துக்கு வர்ணம் பச்சையா, மஞ்சளா என்று கை தூக்க உலகத்தில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். வாசலில் நின்று "வாங்க தம்பி, உட்காருங்க" என்று சொல்லத்தான் ஆள் குறைச்சல். அதற்கு பி.காம். தாராளமாகப் போதும்!