'பி.எம். கிசான்' பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு: விவசாயிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்

பிரதம மந்திரி கிசான் திட்டத்தில், தகுதியுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ. 6,000, தவணைக்கு ரூ. 2,000 வீதம் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இத்திட்டத்தின் பெயரைச் சொல்லியே ஒரு மோசடிக் கோப்பு விவசாயிகளின் கைபேசிகளுக்கு வாட்ஸ்அப் மூலம் வந்து சேருகிறது. 'உங்கள் தவணை நிறுத்தப்பட்டுள்ளது, உடனே இதில் பதிவு செய்யவும்' என்ற வாசகமும், அரசு முத்திரை போன்ற படமும் அதில் இருக்கும். அதை நம்பித் திறந்தால் போவது அந்த ரூ. 2,000 மட்டுமன்று. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணமோ, பயிர்க் கடன் தொகையோ அதே கணக்கில் இருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தவணைப் பணம் வருவதற்குக் கைபேசியில் எந்தச் செயலியும் இருக்கத் தேவையில்லை. நிலப் பதிவு, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு, இ-கே.ஒய்.சி. எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு ஆகியவை சரியாக இருந்தால் பணம் தானே வரும். சரிபார்ப்பை இ-சேவை அல்லது பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வைத்தும் முடித்துக்கொள்ளலாம்.

திருட்டு நடக்கும் விதம்

வாட்ஸ்அப்பில் வரும் அந்தக் கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். அது படமும் அன்று, விண்ணப்பப் படிவமும் அன்று. கைபேசியில் புதிய செயலியை நிறுவும் கோப்பு. அது வந்து இறங்குவதால் மட்டும் கெடுதல் இல்லை. 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தினால்தான் வேலையைத் தொடங்கும். அழுத்தியதும், 'இது தெரியாத இடத்திலிருந்து வந்தது' என்று கைபேசியே எச்சரிக்கும். அவசரத்தில் பலர் அதைப் படிக்காமல் சம்மதம் கொடுத்து விடுகிறார்கள்.

அடுத்து அச்செயலி, எஸ்.எம்.எஸ்.களைப் படிக்க அனுமதி கேட்கும். இதில்தான் சூது இருக்கிறது. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் எஸ்.எம்.எஸ். வழியாகத்தான் வருகிறது. அனுமதி கொடுத்து விட்டால், அந்த எண் உங்கள் கண்ணில் படுமுன் திருடனின் கைக்குப் போய்விடும். கூடவே படிவம் ஒன்றைக் காட்டி ஆதார் எண், ஏ.டி.எம். அட்டை எண், பிறந்த தேதி எல்லாம் கேட்பார்கள். இவற்றோடு ஓ.டி.பி.யும் கிடைத்தால், உங்கள் கணக்குக்குப் புதிய ரகசிய எண்ணையே அமைத்துக்கொண்டு பணத்தை எடுக்க வழி பிறக்கிறது. 'நான் யாரிடமும் ஓ.டி.பி. சொல்லவில்லையே' என்று பணம் இழந்தவர் அங்கலாய்ப்பதில் பொய் இல்லை. அவர் சொல்லவில்லை, கைபேசி சொல்லிவிட்டது.

இக்கோப்பு பெரும்பாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருவதற்கும் காரணம் உண்டு. ஒருவருடைய கைபேசி வசப்பட்டதும், அவருடைய வாட்ஸ்அப் மூலமாகவே ஊர்க் குழு, சங்கக் குழு, உறவினர் குழு என்று எல்லாவற்றுக்கும் கோப்பைப் பரப்புகிறார்கள். ஆகவே அனுப்பியவர் பங்காளியே ஆனாலும் திறக்க வேண்டாம். அவரைப் போனில் கூப்பிட்டு, 'இதை நீங்கள்தான் அனுப்பினீர்களா?' என்று கேட்பது நல்லது.

மூட்டையில் நீல நிறச் சான்றட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் சான்று விதை வாங்குகிறோம். அதுபோல, செயலி வேண்டுமானால் கூகுள் பிளே ஸ்டோரில் மட்டும் எடுக்க வேண்டும். தமிழக அரசின் உழவன் செயலி அங்கேயே இருக்கிறது. இணைய முகவரியானால், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்று முடிகிறதா எனப் பார்க்கவும். அரசுத் திட்டங்களின் முகவரி பொதுவாக அவ்வாறே முடியும். முகவரியின் நடுவே 'கிசான்' என்ற சொல் இருப்பது சான்று ஆகாது; அதை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதே என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பதிவு முகாமில் எதிரே உட்கார்ந்திருக்கும் அலுவலரிடம் சொல்ல வேண்டித்தான் வருகிறது. எனவே எஸ்.எம்.எஸ்.ஸை முழுவதும் படிக்கப் பழக வேண்டும். அந்த எண் எதற்காக வந்தது என்பது அதிலேயே இருக்கும். வங்கியின் பெயரோ பணத் தொகையோ இருந்தால் எவரிடமும் சொல்லக் கூடாது. படிக்கச் சிரமமானால் வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் காட்டிப் படிக்கச் சொல்லலாம்.

பொத்தான் கைபேசியில் இந்தக் கோப்பு வேலை செய்யாது. ஆகையால், பெருந்தொகை வரும் வங்கிக் கணக்கைத் தம் பெயரிலுள்ள வேறொரு எண்ணில் பதிந்து, அந்தச் சிம்மைப் பொத்தான் கைபேசியில் போட்டு வைப்பது மேல் என்பது எமது கருத்து. அந்தக் கணக்கில் கைபேசிச் செயலி மூலம் பணம் அனுப்பும் வசதி இராது. வங்கிக்கு நடக்க வேண்டும். சில்லறைச் செலவுக்குச் சிறு தொகையுடன் வேறு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாடு, வாழைத்தார் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டப் படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று முகம் தெரியாத வியாபாரி சொன்னால் பேச்சை நிறுத்தி விடவும். ரகசிய எண் போடுவது பணம் கொடுப்பதற்கே. பெறுவதற்கு அது தேவையே இல்லை.

தெரியாமல் நிறுவிவிட்டால்

உடனே கைபேசியின் இணையத்தைத் துண்டித்து, சிம் கார்டைக் கழற்றி விட வேண்டும். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லவும். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். 2021-இல் தொடங்கப்பட்ட இந்த ஏற்பாட்டின்படி, பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், தொகை அங்கேயே நிறுத்தி வைக்கப்பட வாய்ப்புண்டு. திருடர்கள் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு மளமளவென்று மாற்றி விடுவதால், மறுநாள் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் மடை உடைந்த பின் மண் போட்ட கதைதான். பணம் போன எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்திருந்தால் புகார் பதிவது எளிது.

வங்கிக்கு எழுத்து மூலமும் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவரைச் சேர்ந்தது என்றும், தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது என்றும் கூறியது. ஆகவே புகார் கொடுத்த நேரத்துக்கு அத்தாட்சி இருப்பது முக்கியம்.

பிறகு, விவரம் தெரிந்தவரைக் கொண்டு அச்செயலியை நீக்க வேண்டும். நீக்க முடியாவிட்டால், தேவையான படங்களை எடுத்து வைத்துக்கொண்டு கைபேசியை முழுவதும் அழித்துப் புதிதாக அமைக்க வேண்டியதுதான். உங்கள் எண்ணிலிருந்து கோப்பு போயிருக்கும் குழுக்களுக்கு, வேறு எண்ணிலிருந்து அன்றே எச்சரிக்கை அனுப்பவும்.

தவணை உண்மையிலேயே நின்றிருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை நேரில் அணுகலாம். கிசான் திட்டத்தின் உதவி எண் 155261.